இரவல் வயதில் போட்ட புல்தரை

"அண்ணே, உங்க வயசைக் கொஞ்ச நாளைக்கு எங்களுக்கு இரவல் தருவீங்களா?"

வியட்நாமில், சைகோனை ஒட்டிய குச்சி என்ற ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் அளவு டேப்பைப் பிடித்தபடி குந்தியிருந்த என்னிடம் அந்த வீட்டம்மா லான் இப்படித்தான் கேட்டார். சைட்டில் ஏணி இரவல் கேட்பார்கள், கடப்பாரை கேட்பார்கள். என் சர்வீஸில் வயதை இரவல் கேட்டவர் அவர் ஒருவர்தான். டேப் கையிலிருந்து நழுவிச் சர்ரென்று சுருண்டுகொண்டது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பசை எது நல்லது, டேப் எது நல்லது என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் சப்ளையரே சொல்லிவிடுவான். நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

கேட்ட காரணம்

நான் சென்னை அயனாவரத்துக்காரன். அங்கே டென்னிஸ் கோர்ட் வேலையில் ஆரம்பித்து, பிறகு சைகோனுக்கு வந்து, இந்த ஊர் பாஷையையும் கற்றுக்கொண்டு, செயற்கைப் புல்தரை போடும் கம்பெனியில் சைட் இன்சார்ஜாக இருந்தேன். ஓனரும் தமிழர்தான், பெயர் மனோகர். என்னைவிட ரொம்பச் சின்னவர், அதனால் அவருக்கு நான் அண்ணன். புல்தரை என்றால் பாய் விரிக்கிற வேலை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே தெரிகிற பச்சை கடைசி இரண்டு நாள் சமாச்சாரம். வேலையெல்லாம் அதற்குக் கீழே, மண்ணிலும் ஜல்லியிலும் இருக்கிறது.

லானின் கணவர் குவாங், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாகவும் இருந்தவர். பார்க்கின்சன் நோய் வந்து வேலையை விட்டுவிட்டார். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. முற்றத்து டைல்ஸில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். இரண்டாவது தடவை தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு வாசல்படி தாண்டவே இல்லை. ஹாலில் ஒரு நாற்காலி, காலடியில் ஒரு பழைய பந்து, அவ்வளவுதான் அவர் உலகம். இப்படியே உட்கார்ந்திருந்தால் நிரந்தரமாக உட்காரவேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முற்றத்தில் விழுந்தாலும் அடிபடாத மாதிரி மெத்தென்று சின்ன ஃபுட்பால் கோர்ட் ஒன்று போட்டுவிடவேண்டும் என்பது லானின் திட்டம்.

"கோல் போஸ்ட்டு, வலை எல்லாம் அழகுக்குத்தாண்ணே. அவரு வெளிய வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

இதற்கு முட்டுக்கட்டை போட்டவர் குவாங் வாத்தியாரேதான். இங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர், அவர் குரங்கு வருஷத்தில் பிறந்தவர். இந்த ஊர்க் கணக்கில் அந்த வருஷம் அவருக்கு ஆகாத வருஷம். ஆகாத வருஷத்தில் வீட்டுக்காரன் மண்ணைத் தோண்டக்கூடாது, தோண்டினால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரே பிடிவாதம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். "அடுத்த வருஷம் இந்தக் காலு இருக்குமாண்ணே?" என்று லான் என்னிடம் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

இதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் ஆகிவருகிற, வீட்டுக்காரரைவிட மூத்த ஆண் ஒருவரின் வயதை இரவல் வாங்கிக்கொள்வது. வீட்டை அவருக்குப் பேருக்கு விற்றுவிடுவார்கள். அவர்தான் பூஜை செய்து முதல் மண்ணை வெட்டவேண்டும். வேலை முடியும்வரை அவரே வீட்டுக்காரர், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் வயதைத் தரலாம். வாத்தியாரின் அண்ணன் ஏற்கெனவே தன் மாப்பிள்ளை கட்டுகிற வீட்டுக்குத் தந்துவிட்டார். இன்னொரு உறவினருக்குத் தீட்டு. நாள் கணக்குப் பார்க்கிற பெரியவரிடம் லான் என் பிறந்த வருஷத்தைச் சொல்லியிருக்கிறார். நான் ஆட்டு வருஷம், வாத்தியாரைவிட ஒரு வயது மூத்தவன். கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டதாம்!

ஏழரை நடக்கிறவன்

அன்று சாயங்காலம் சென்னைக்கு வீடியோ காலில் என் மனைவி சரஸ்வதியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

"உங்களுக்கு அறிவிருக்கா? உங்களுக்கே ஏழரைச் சனி நடக்குது. வண்டியில விழுந்தீங்க, பல்லு போச்சு, அஞ்சாறு மாசமா லீவு கெடைக்கல. இந்த லட்சணத்துல உங்க வயசு நல்ல வயசுன்னு ஊருக்கு இரவல் குடுக்கக் கெளம்பிட்டீங்களா? பாவம், அந்த மனுஷன் ஏற்கெனவே ஒடம்பு முடியாதவரு!"

எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் சரஸ்வதி கேட்டது வேறு விஷயம். என் நேரம் சரியில்லை என்று எனக்கே ஒரு கணக்கு சொல்லும்போது, அதை மறைத்துவிட்டு ஒரு நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? மனசு கேட்கவில்லை. மறுநாள் நேராகப் போய் வாத்தியாரிடமே உடைத்துச் சொன்னேன்.

"வாத்தியாரே, உங்க கணக்குல நான் நல்லவன். எங்க கணக்குல எனக்குச் சனி புடிச்சிருக்கு. ஏழரை வருஷம் விடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் முகத்தில் அசைவே இருக்காது, அந்த நோய் அப்படி. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"அந்தச் சனி, இந்தியாக்காரரா?"

"ஆமாங்க."

"அவருக்கு இந்த ஊருக்கு விசா இருக்கா?"

லான் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வாத்தியாரின் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பது அப்படித்தான் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்க மண்ணுக்கு எங்க கணக்குதான் தெரியும். நீ மறைக்காம வந்து சொன்ன பாரு, அது போதும். குடுண்ணே" என்றார்.

முதல் வெட்டு

பூஜை விடியற்காலையில். அது முடியும்வரை அசல் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது என்பதால் வாத்தியாரை எதிர்ச்சந்திலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். முற்றத்தில் சின்ன மேஜை போட்டு அவித்த கோழி, ஒட்டரிசிச் சோறு, பழம், பூ, ஒரு தட்டில் அரிசியும் உப்பும். அன்றைக்குச் சனிக்கிழமை, நான் சைவம். கோழியைக் கும்பிடுவதற்குத் தடையில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஊதுபத்தியைக் கையில் கொடுத்து, "வேண்டிக்கங்கண்ணே. இந்த மண்ணுகிட்ட அனுமதி கேக்கணும்" என்றார் லான். என்ன பாஷையில் கேட்பது? சைகோனில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊர்க்காரர்கள். கருவறைக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அவர்கள் பாஷையில் குறையை முணுமுணுப்பார்கள். ஆத்தா ஒரு நாளும் புரியவில்லை என்று சொன்னதில்லை. நானும் தமிழிலேயே கேட்டேன். "தாயே, நான் வெளியூர்க்காரன். இந்த வீட்டு மனுஷன் எழுந்து நடக்கணும். வெட்டப் போறேன், கோவிச்சுக்காதே."

அரிசியையும் உப்பையும் நாலு பக்கமும் தூவிவிட்டு மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். எத்தனையோ சைட்டில் முதல் வெட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வெட்டியது நான். எதற்கு மறைக்கவேண்டும், பயமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து வீடு கைமாறும்வரை வாத்தியார் முற்றத்தில் கால் வைக்கக்கூடாது என்றும் வைத்துக்கொண்டார்கள். அவர் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குளத்து மூலை

டைல்ஸைப் பெயர்த்தோம், மண்ணைக் குறைத்தோம், ஜல்லி இறங்கியது. ஒவ்வொரு அடுக்காகக் கொட்டித் திம்ஸு மிஷின் வைத்து இடிக்கவேண்டும். குதித்துக் குதித்து இடிக்கிற அந்த மிஷினை இங்கே தேரை என்கிறார்கள். தேரை போகிற சத்தத்தை வைத்தே கீழே மண் எப்படி என்று சொல்லிவிடலாம். கெட்டித் தரையில் டக்கு டக்கு என்று துள்ளும். பின்பக்கம் மதில் மூலைக்கு வந்ததும் சத்தம் அமுங்கிவிட்டது. குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். லேசாக உள்ளே போனது.

மத்தியானம் பெய்த மழையில் அந்த மூலை மட்டும் இன்னும் ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. லானைக் கேட்டேன்.

"அதுவா? முந்தி அங்க மீன் குளம் இருந்துச்சுண்ணே. மாமனார் காலத்துல தூத்துட்டாங்க. உமி, தேங்கா மட்டை, கண்டதையும் போட்டுத் தூத்தாங்க" என்றார் சர்வ சாதாரணமாக.

மனோகருக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, அந்த மூலையில எக்ஸ்ட்ரா ஜல்லி போட்டு லெவல் பண்ணி மூடிடுங்க. மேல புல்லு வந்துட்டா எவனுக்குத் தெரியப் போவுது? ஒரு வருஷம் வாரண்டி. ஒரு வருஷம் அசையாது."

"அப்புறம் இறங்கும் தம்பி."

"இறங்குனா மறுபடி கூப்புடுவாங்க, சர்வீஸ் பண்ணுவோம். அடுத்த சைட்டுல பசங்க காத்துக்கிட்டு இருக்காங்கண்ணே."

அவர் சொன்னதும் முழுத்தப்பு இல்லை. பந்து விளையாடுகிற பிள்ளைகள் ஓடுகிற கோர்ட்டில் ஓரத்து மூலை கொஞ்சம் இறங்கினால் யாரும் சாகப் போவதில்லை. மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதான். ஆனால் இங்கே ஓடப் போவது பிள்ளைகள் இல்லை. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தை இழுத்து இழுத்து நடக்கிற மனுஷனுக்கு ஒரு விரல்கடைப் பள்ளம் போதும். முன்பு தோள்பட்டை போனது, இந்தத் தடவை இடுப்பு போகும்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றாரு? அவரு ஓகேன்னா முடிச்சிடுங்க" என்றார் மனோகர்.

"வீட்டுக்காரன் ஒத்துக்கல."

"பேசிப் பாருங்கண்ணே."

"பேச என்ன இருக்கு? இப்போ வீட்டுக்காரன் நான்தான். என் வீட்டுல இப்படி மூட நான் விடமாட்டேன்."

"உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மோட்டார் பைக்கில் கோபமாக வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்ன சாமியாடிக்கிட்டு இருக்கீங்க? பூஜைக்கு நின்னா வீடு உங்களுதா? சம்பளம் யாரு குடுக்கறது?" என்று லான் முன்னாலேயே ஆரம்பித்தார். தமிழில் திட்டினாலும் திட்டு திட்டுதான், லானுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போய் உள்ளே போனார். எனக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. மூலையைக் காட்டினேன்.

"போய் நில்லுங்க தம்பி. நின்னுட்டு அப்புறம் திட்டுங்க."

போய் நின்றார். ஷூ ஜல்லியோடு மெல்லச் சரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மதிலைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலிலிருந்து வாத்தியார் பதறிப்போய் ஒரு கையை நீட்டினார், ஏதோ தன்னால் பிடித்துவிட முடியும் என்பதுபோல. மனோகர் அந்தக் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டே அப்படியே நீண்டிருந்தது. அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நாளைக்கு மிஷின் அனுப்பறேண்ணே. தோண்டிடுங்க. அந்த சைட்டுக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். போகும்போது லான் கொண்டுவந்து கொடுத்த காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டு, தெரிந்த அரைகுறை வியட்நாமிய மொழியில் அவரிடம் மன்னிப்பும் கேட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

தோண்டினோம். கருஞ்சேறு, மக்கிப்போன உமி, பாசி பிடித்த மட்டை என்று வந்துகொண்டே இருந்தது. கெட்டி மண் வந்த பிறகுதான் விட்டேன். மண்ணும் ஜல்லியும் கலக்காமலிருக்கத் துணி விரித்து, பெரிய கல், சின்ன ஜல்லி, கிரஷர் டஸ்ட் என்று அடுக்கடுக்காக ஏற்றினோம். தேரை டக்கு டக்கு என்று துள்ளியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

கோடுகள்

வீட்டுக்காரனாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு, வீட்டுக்குள்ளேயும் கண் போகும். ஒரு நாள் தண்ணீர் குடிக்க ஹாலுக்குள் போனபோது தரையைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து பாத்ரூம்வரை குறுக்குக் குறுக்காக வெள்ளை டேப் ஒட்டியிருந்தது, ஏணிப்படி மாதிரி.

"இது என்ன தங்கச்சி?"

"பிசியோ பொண்ணு ஒட்டிவிட்டுச்சு. வெறுந்தரையில காலு நின்னுபோவுது. கோடு இருந்தா அதைத் தாண்டணும்னு தானா எடுத்து வைக்கறாரு. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுண்ணே."

நான் தண்ணீர் குடிக்காமலேயே வெளியே வந்துவிட்டேன். எங்கள் தொழிலில் கோடு என்பது பெயிண்ட் இல்லை. பச்சைப் புல்லைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைப் புல்லை வைத்து ஒட்டுவோம். கோர்ட்டுக்கு வந்த வெள்ளை ரோலில் எப்போதும் மிச்சம் விழும்.

பிளானில் இல்லாத வேலை ஒன்றைச் செய்தேன். வாசல்படியிலிருந்து கோல் போஸ்ட்வரை ஒரு நடைபாதை மாதிரி குறுக்கே வெள்ளைக் கோடுகள். இடைவெளி எவ்வளவு என்பதற்கு ஹாலில் இருந்த டேப்பைத்தான் அளந்துகொண்டேன். புல்லும் உயரம் குறைந்த ரகம்தான், நீளப் புல்லில் இழுத்து நடக்கிற கால் மாட்டிக்கொள்ளும். புல் சாய்வு வீட்டிலிருந்து போகிற திசையிலேயே இருக்கும்படி ரோலைத் திருப்பிப் போடச் சொன்னேன். அடியில், விழுந்தால் அடி தாங்குகிற ஷாக் பேட். வேலையாட்கள், "அண்ணே, ஃபுட்பால் கோர்ட்டுல ஜீப்ரா கிராஸிங் போடறீங்களே" என்று கிண்டலடித்தார்கள். போடுங்கடா என்றேன்.

திருப்பிக் கொடுத்தது

மணல் தூவி, பிரஷ் போட்டு முடித்த அன்று மழை வந்தது. நின்றதும் முதலில் மூலைக்குத்தான் ஓடினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

மறுபடி ஊதுபத்தி, பழம், பூ. இந்தத் தடவை வாத்தியார் வாசல்படியிலேயே நின்றார், லான் பக்கத்தில். "இந்தாங்க, உங்க வீடு" என்று நான் சொல்லவேண்டும். சொன்னேன். சொந்த வீட்டையே எழுதிக் கொடுக்கிறவன் மாதிரி இருந்தது.

வாத்தியார் குனிந்து பார்த்தார். கால் நின்றுவிட்டது. ஒட்டிக்கொண்டுவிட்டது. லானின் கை அவர் முதுகுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அவர் கண் முதல் வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடித்தது. கால் எழுந்தது, தாண்டியது. அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. கோல் போஸ்ட்டுக்கு முன்னால் பழைய பந்தை வைத்திருந்தேன். பந்திடம் வந்ததும் கோடு எதுவும் தேவைப்படவில்லை. இடது காலை ஊன்றி வலது காலால் ஒரு தட்டு. வேகமே இல்லாமல் உருண்டு உருண்டு போய்ப் பந்து வலையில் நின்றது. லான் முந்தானை இல்லாததால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன்.

வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, உன் வயசைத் திருப்பித் தரணும்ல?"

"அவசரம் ஒண்ணும் இல்ல வாத்தியாரே. வச்சுக்கங்க, மெதுவாக் குடுங்க" என்றேன்.

சரஸ்வதியிடம் வீடியோவைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "சரி சரி, சனி அங்க ஒண்ணும் பண்ணல" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மண்ணைத் தொடும் முன் அந்த வீட்டை ஒரு தடவை உன் பேருக்கு வாங்கிக்கொள். அதில் நடக்கப் போகிற கால் யாருடையது என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பி. முடித்துவிட்டுத் திருப்பிக் கொடு. பூஜை வேண்டியதில்லை, மனசுக்குள் செய்தால் போதும். அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு கோர்ட்டையும் அப்படித்தான் போட்டேன்.

போன டெட் பண்டிகைக்கு, அதாவது இந்த ஊர்ப் புத்தாண்டுக்கு, குச்சி போயிருந்தேன். மூலை இறங்கவில்லை, குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. வாத்தியாருக்குப் பேச்சு முன்னைவிடக் குறைந்துவிட்டது. கையில் ஊன்றுகோல் வந்துவிட்டது. அந்த நோய் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஹாலில் இல்லை, முற்றத்தில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, கேட் வரைக்கும் வந்து கதவைத் திறந்தார்.

"வாண்ணே" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் திரும்பி லானுக்குக் குரல் கொடுத்தார். "பழைய வீட்டுக்காரர் வந்திருக்காரு. காபி போடு."